கணினி கண்டுகொள்ளாத யுஎஸ்பி–சீரியல் பலகை: பழுது எங்கே என்று கண்டறியும் வழி

தாமே வரைந்து, தாமே சாலிடர் செய்த யுஎஸ்பி–சீரியல் பலகையை (கணினியின் யுஎஸ்பியை மைக்ரோகன்ட்ரோலர் போன்ற கருவிகளின் சீரியல் இணைப்பாக மாற்றும் சிறு சுற்றுப்பலகையை) கணினியில் முதன்முறையாகச் செருகிவிட்டு, எந்த அசைவும் இல்லாததைக் கண்டு, உடனே டிரைவரை (சாதனத்தைக் கணினி பயன்படுத்த உதவும் மென்பொருளை) நீக்கி மறுபடியும் நிறுவத் தொடங்குவதுதான் புதியவர்களில் பெரும்பாலோர் செய்வது. அந்த உழைப்பு அநேகமாக வீணாகும். பலகையில் இருப்பது இன்ன சிப் என்பதைக் கணினி வெற்றிகரமாகப் படித்து முடித்த பிறகே டிரைவரைத் தேடத் தொடங்கும். அதற்கு முந்தைய கட்டத்திலேயே உரையாடல் அறுந்துபோயிருந்தால், எந்த டிரைவரும் அதை ஒட்டவைக்காது. ஆகவே அந்த உரையாடல் எந்த இடத்தில் நின்றது என்பதைக் கணினியின் வாயிலிருந்தே வரவழைத்து, அந்த இடத்துக்கு உரிய பாகங்களை மட்டும் சோதிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். அலைக்காட்டி (ஆசிலோஸ்கோப்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

செருகியவுடன் நடப்பவை

யுஎஸ்பி கேபிளில் நான்கு கம்பிகள் முக்கியமானவை: 5 வோல்ட் தரும் விபஸ், கிரவுண்ட், தரவுக்கான டி பிளஸ், டி மைனஸ். கணினியின் பக்கத்தில் இரண்டு தரவுக் கம்பிகளும் தலா 15 கிலோஓம் மின்தடையின் வழியாகக் கிரவுண்டுக்கு இழுக்கப்பட்டிருக்கும். பலகையில் உள்ள சிப்புக்கு மின்சாரம் வந்ததும், அது டி பிளஸ் கம்பியை 1.5 கிலோஓம் மின்தடையின் வழியாக ஏறத்தாழ 3.3 வோல்ட்டுக்கு மேலே இழுக்கும். இக்கால யுஎஸ்பி–சீரியல் சிப்களில் இந்த மின்தடை உள்ளேயே அமைந்திருக்கிறது. டி பிளஸ் உயர்ந்தால் "வினாடிக்கு 12 மெகாபிட் வேகமுள்ள சாதனம் வந்திருக்கிறது" என்றும், டி மைனஸ் உயர்ந்தால் "1.5 மெகாபிட் வேகமுள்ள சாதனம்" என்றும் கணினி பொருள்கொள்ளும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். பின்னால் ஒரு முக்கியமான பழுதை இதுவே காட்டிக்கொடுக்கப்போகிறது.

அதன்பின் கணினி குறைந்தது 100 மில்லிவினாடி பொறுத்திருந்து, இரண்டு கம்பிகளையும் தாழ்த்திச் சிப்பை ரீசெட் செய்து, முகவரி பூச்சியத்தில் அதனிடம் "நீ யார்?" என்று கேட்கும். சிப் தன்னைப் பற்றிய 18 பைட் விவரக் குறிப்பை அனுப்ப வேண்டும். டிஸ்கிரிப்டர் எனப்படும் அந்தக் குறிப்பில்தான் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் உள்ளன. அவற்றைப் பார்த்துத்தான் டிரைவர் தேர்வு செய்யப்படுகிறது; கடைசியில்தான் சீரியல் போர்ட் தோன்றுகிறது.

செருகுவதற்கு முன்

பலகையில் கேபிள் இல்லாத நிலையில், விபஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான மின்தடையை அளவிடுங்கள். சில ஓம்களே காட்டினால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, செருக வேண்டாம். மின்தேக்கிகள் நிரம்புவதால் எண் மெல்ல ஏறிக்கொண்டே போவது இயல்பானது. அடுத்து டி பிளஸுக்கும் டி மைனஸுக்கும் இடையிலும், அவை ஒவ்வொன்றுக்கும் கிரவுண்டுக்கும் விபஸுக்கும் இடையிலும் ஷார்ட் உள்ளதா என்று பாருங்கள். சிறிய கால்கள் கொண்ட சிப்களில் அடுத்தடுத்த பின்களுக்கு இடையே சாலிடர் பாலம் விழுவது மிகச் சாதாரணம். முதல் சோதனையைக் கணினியில் நேரடியாகச் செய்யாமல், ஒரு யுஎஸ்பி 2.0 ஹப்பின் வழியாகச் செய்யுங்கள். பலகை ஏதேனும் கோளாறு செய்தால் பெரும்பாலும் ஹப்போடு போகும்.

பலகையின் சீரியல் பக்கத்தில் மைக்ரோகன்ட்ரோலரோ வேறு கருவியோ இணைந்திருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். தனியாக மின்சாரம் பெறும் கருவி ஒன்று தன் டிஎக்ஸ் (தரவு அனுப்பும்) கம்பியின் வழியாகவே நம் சிப்புக்குள் சிறிதளவு மின்சாரத்தைச் செலுத்திவிடும். அதனால் சிப் முழுமையாக அணையவும் முடியாமல், ஒழுங்காக விழிக்கவும் முடியாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். இந்த வகைப் பழுது, பலகையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மறைந்துவிடும் என்பதால், தேடுபவரின் பொறுமையை நன்றாகவே சோதிக்கும்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை: மின்னேற்றத்துக்கு மட்டும் பயன்படும், தரவுக் கம்பிகளே இல்லாத கேபிள்கள் ஏராளமாக இருக்கின்றன. பலகையில் விளக்கு எரிவது கேபிள் சரி என்பதற்குச் சான்றாகாது. அதே கேபிளில் வேறொரு சாதனத்தை இணைத்து, அதைக் கணினி அடையாளம் காண்கிறதா என்று பார்த்த பிறகே மேலே செல்லுங்கள்.

கணினி சொல்வதைக் கேட்பது

லினக்ஸ் இருந்தால் டெர்மினலைத் திறந்து, கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தரும் செய்திகளைத் தொடர்ந்து காட்டும் டிமெஸ்ஜி (dmesg -w) கட்டளையை ஓடவிட்டு, பிறகு பலகையைச் செருகுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு செருகுங்கள். இரண்டில் எது உகந்தது என்று கேட்டால், தயங்காமல் லினக்ஸைத்தான் சொல்வேன். விண்டோஸ் "அறியப்படாத யுஎஸ்பி சாதனம்" என்ற ஒரே வாக்கியத்தில் மூடிவிடுவதை, லினக்ஸ் வேகம், முயற்சிகளின் எண்ணிக்கை, பிழை எண் ஆகியவற்றோடு வரிவரியாகச் சொல்லும். உங்களுடையது விண்டோஸ் கணினி என்றாலும், பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தற்காலிகமாக இயக்கி இந்தச் சோதனையைச் செய்ய முடியும்.

இனி நீங்கள் காண்பது மூன்றில் ஒன்றாக இருக்கும்: எந்தச் செய்தியும் வராமல் இருக்கலாம்; ஏதோ வந்திருக்கிறது என்று தெரிந்தும் விவரம் படிக்க முடியவில்லை என்ற பிழை வரலாம்; அல்லது எண்கள் சரியாகப் படிக்கப்பட்டும் போர்ட் மட்டும் தோன்றாமல் இருக்கலாம்.

முதல் நிலை: முழு மௌனம்

எந்தச் செய்தியும் இல்லையென்றால், இரண்டு தரவுக் கம்பிகளில் எதுவும் மேலே இழுக்கப்படவில்லை என்று பொருள். பலகைக்கு மின்சாரமே வரவில்லையா, அல்லது வந்தும் சிப் விழிக்கவில்லையா என்பதே கேள்வி.

முதலில் கனெக்டரிலும் பிறகு சிப்பின் மின் பின்னிலும் வோல்டேஜை அளவிடுங்கள். கனெக்டரில் 5 வோல்ட் இருந்து சிப்பில் இல்லையென்றால், இடையிலுள்ள ஃபியூஸ், ஃபெரைட் மணி (இரைச்சலை வடிகட்டும் பாகம்), டையோடு ஆகியவற்றில் ஒன்று திறந்திருக்கிறது அல்லது திசைமாறி அமர்ந்திருக்கிறது. செருகும் நொடியில் மட்டும் விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தால், விபஸில் நேரடியாக வைத்துள்ள மின்தேக்கியின் அளவைப் பாருங்கள். யுஎஸ்பி விதிகள் அங்கே 10 மைக்ரோஃபாரடுக்கு மேல் அனுமதிப்பதில்லை. 470 மைக்ரோஃபாரட் போன்ற பெரிய மின்தேக்கி நொடிப்பொழுதில் இழுக்கும் மின்னோட்டத்தைக் கண்டு போர்ட் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளக்கூடும்.

டைப்–சி கனெக்டர் வைத்திருப்பவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். டைப்–சியில் சிசி1, சிசி2 என்ற இரண்டு பின்களிலும் தனித்தனியாக 5.1 கிலோஓம் மின்தடை கிரவுண்டுக்கு இருந்தால்தான், இரு முனையும் டைப்–சியாக உள்ள கேபிளில் 5 வோல்ட் வரும். அவை இல்லாத பலகை, பழைய ஏ வகை முனையுள்ள கேபிளில் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, சி–சி கேபிளில் மட்டும் பிணம்போலக் கிடக்கும். இரண்டு பின்களையும் இணைத்து ஒரே மின்தடையில் கட்டுவதும் தவறு. 2019இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 பலகையின் முதல் வடிவத்தில் இதே பிழை இருந்தது. உள்ளே அடையாளச் சிப் பொதிந்த சில கேபிள்களில் மின்வழங்கி அந்தப் பலகையை ஒலிக் கருவி என்று எண்ணி மின்சாரம் தர மறுத்தது. ஆகவே இது புதியவர்கள் மட்டும் செய்யும் பிழை என்று வெட்கப்பட வேண்டியதில்லை. கேபிளைக் கழற்றிவிட்டுச் சிசி1க்கும் சிசி2க்கும் இடையே அளவிடுங்கள்: சுமார் 10.2 கிலோஓம் காட்டினால் இரண்டும் தனித்தனியாக உள்ளன. பூச்சியம் காட்டினால் ஒட்டியிருக்கின்றன. மேலும் டைப்–சியில் டி பிளஸ் ஏ6, பி6 என்ற இரண்டு பின்களிலும், டி மைனஸ் ஏ7, பி7 என்ற இரண்டு பின்களிலும் வருகிறது. இவற்றைப் பலகையிலேயே இணைக்க மறந்திருந்தால், முனையை ஒரு பக்கமாகச் செருகும்போது வேலை செய்யும், திருப்பிச் செருகினால் மௌனம். திருப்பிச் செருகிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

மின்சாரம் சரி என்றால் சிப்பின் டேட்டாஷீட்டை எடுத்து, அது விழிப்பதற்கு எந்தெந்தப் பின்கள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் மூன்று சிப்களில் அடிக்கடி தவறவிடப்படுபவற்றை இங்கே சொல்கிறேன். எஃப்டி232ஆர்எல் சிப்பில் 26ஆம் பின்னான டெஸ்ட் கட்டாயம் கிரவுண்டில் இருக்க வேண்டும். பெயரைப் பார்த்து "சோதனைக்கு உரியது, நமக்கு வேண்டாம்" என்று விட்டுவிட்டால் சிப் செத்ததுபோலவே நடந்துகொள்ளும். அதன் 4ஆம் பின்னான விசிசிஐஓவுக்கும் (சீரியல் பக்கத்துக்கான மின் பின்) மின்சாரம் வேண்டும். 17ஆம் பின்னில் 100 நானோஃபாரட் மின்தேக்கி வேண்டும், அங்கே 3.3 வோல்ட்டும் தெரிய வேண்டும். சிபி2102 சிப்பில் 8ஆம் பின் விபஸ் இருக்கிறதா என்று உணரும் பின். 7ஆம் பின்னுக்கு 5 வோல்ட் கொடுத்துவிட்டு இதை அந்தரத்தில் விட்டால், 6ஆம் பின்னில் 3.3 வோல்ட் அழகாக வரும், கணினி மட்டும் எதையும் காணாது. அதன் பின்வந்த சிபி2102என் சிப்பில் அந்தப் பின்னுக்கு 5 வோல்ட்டை நேராகக் கொடுக்காமல் இரண்டு மின்தடைகளால் பிரித்துக் கொடுக்க வேண்டும். பழைய வரைபடத்தை அப்படியே நகலெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சிஎச்340ஜி சிப்பில் 5 வோல்ட் கொடுக்கும்போது 4ஆம் பின்னான வி3யில் சிறிய மின்தேக்கி ஒன்று கிரவுண்டுக்கு இருக்க வேண்டும், 3.3 வோல்ட் கொடுத்தாலோ வி3யையும் மின் பின்னான விசிசியையும் இணைத்துவிட வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தவர்கள் பலர்.

சிப் விழித்ததா என்பதை நேரடியாகவும் அளவிடலாம். ஆய்வுமேசை மின்வழங்கியிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, தரவுக் கம்பிகளை எதனோடும் இணைக்காமல் டி பிளஸில் அளவிடுங்கள், சுமார் 3.3 வோல்ட் இருந்தால் சிப் கைதூக்கிவிட்டது. கைப்பேசி சார்ஜரைக் கொண்டு இதைச் செய்யாதீர்கள். பல சார்ஜர்களில் டி பிளஸும் டி மைனஸும் உள்ளேயே இணைக்கப்பட்டிருப்பதால், இரண்டிலும் ஒரே வோல்டேஜ் தெரிந்து உங்களை வேறு பாதைக்குத் திருப்பிவிடும்.

இரண்டாம் நிலை: வந்தது தெரிகிறது, பேச முடியவில்லை

விண்டோஸில் மஞ்சள் முக்கோணத்துடன் பிழை எண் 43உம், டிஸ்கிரிப்டர் கோரிக்கை தோல்வி என்ற குறிப்பும், தயாரிப்பாளர் எண் 0000 என்பதும் தெரிந்தால் நீங்கள் இந்த நிலையில் இருக்கிறீர்கள். லினக்ஸில் டிஸ்கிரிப்டரைப் படிக்க முடியவில்லை என்ற வரி -71 அல்லது -110 என்ற எண்ணோடு திரும்பத் திரும்ப வரும். -71 என்பது நெறிமுறைப் பிழை; ஏதோ பதில் வருகிறது, ஆனால் சிதைந்து வருகிறது என்று தோராயமாகக் கொள்ளலாம். -110 என்பது காத்திருந்து அலுத்துப்போனதைக் குறிக்கும். இந்த நிலையிலும் டிரைவருக்கு வேலை இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது பிழை எண்ணை அல்ல, அதற்கு மேலே உள்ள வரியை. புதிய "ஃபுல்–ஸ்பீடு" சாதனம் என்று இருக்க வேண்டிய இடத்தில் "லோ–ஸ்பீடு" சாதனம் என்று இருக்கிறதா? அப்படியானால் டி பிளஸும் டி மைனஸும் இடம் மாறியிருக்கின்றன; வேறு எதையும் தேட வேண்டாம். சிப் டி பிளஸைத்தான் உயர்த்துகிறது, ஆனால் அது கணினியின் டி மைனஸில் போய்ச் சேர்வதால், மெதுவான சாதனம் வந்திருப்பதாகக் கணினி நம்பி, 1.5 மெகாபிட் வேகத்தில் பேச முயன்று தோற்கிறது. ஏ வகை, மினி, மைக்ரோ ஆகிய மூன்றிலும் 2ஆம் பின் டி மைனஸ், 3ஆம் பின் டி பிளஸ். கனெக்டரின் படத்தை அடிப்பக்கத்திலிருந்து பார்த்தபடி வரைந்துவிடுவது இந்தப் பிழைக்கு வழக்கமான காரணம். உறுதிசெய்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு: பழைய கேபிளை நடுவில் வெட்டி, பச்சை, வெள்ளைக் கம்பிகளை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றி இணைத்து, அதன் வழியாகச் செருகுங்கள். நிறங்களை எல்லாக் கேபிள்களும் மதிப்பதில்லை என்பதால், எந்தக் கம்பி எந்தப் பின்னுக்குப் போகிறது என்று மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள். பலகை உயிர்பெற்றால் காரணம் உறுதி. பலகையில் அந்த இரண்டு தடங்களையும் கத்தியால் வெட்டி, மெல்லிய எனாமல் கம்பியால் குறுக்கே இணைத்துக்கொள்ளலாம்; 12 மெகாபிட் வேகம் இவ்வளவு சிறிய ஒட்டுப்போடுதலைத் தாங்கும். சோதனைக் கேபிளின் மேல் ஒரு காகிதம் ஒட்டி எழுதி வையுங்கள். இல்லையேல் அடுத்த மாதம் அதே கேபிள் உங்களை ஏமாற்றும்.

வேகம் சரியாகத் தெரிந்தும் பிழை வருமானால், கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். யுஎஸ்பியின் 12 மெகாபிட் வேகத்தில் கடிகாரப் பிழை 0.25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எஃப்டி232ஆர்எல், சிபி2102, சிஎச்340சி ஆகியவற்றுக்குள் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. சிஎச்340ஜி சிப்புக்கு வெளியே 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் தேவை. ஒருமுறை இந்தச் சிப் வைத்த பலகையில் நான் ஓர் இரவு முழுவதும் சாலிடரை உருக்கி உருக்கி மறுபடி வைத்துக்கொண்டிருந்தேன். காலை வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கிரிஸ்டலின் தலையில் 11.0592 என்று பொறித்திருந்தது. சீரியல் வேலைக்கென்றே பரவலாக விற்கும் கிரிஸ்டல் அது. அதே வெள்ளிக் கூடு, அதே இரண்டு கால்கள். ஏறத்தாழ 8 சதவீதம் தள்ளி ஓடும் கடிகாரத்தோடு எந்தக் கணினியும் பேசாது.

கிரிஸ்டலின் இரு பக்கமும் 22 பிக்கோஃபாரட் அளவிலான மின்தேக்கிகள் இருக்க வேண்டும். கைதவறி 22 நானோஃபாரட் வைத்துவிட்டால் அதிர்வே தொடங்காது. அலைக்காட்டி இருந்தால், பத்துமடங்கு புரோபைச் சிப்பின் வெளியீட்டுப் பக்கமான எக்ஸ்ஓ பின்னில் வைத்துப் பாருங்கள். எக்ஸ்ஐ பின்னில் வைத்தால், புரோபின் கொள்ளளவே அதிர்வை நிறுத்திவிட்டு, நல்ல கிரிஸ்டலைக் கெட்டது என்று காட்டிவிடக்கூடும்.

கடிகாரமும் சரி என்றால், தரவுக் கம்பிகளில் கூடுதலாக எதை வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். நிலைமின் பாதுகாப்புக்கென்று வைக்கும் டையோடு, யுஎஸ்பிக்கு உரிய குறைந்த கொள்ளளவு வகையாக இல்லாமல் மின் கம்பிக்கு உரிய பெரிய வகையாக இருந்தால், அது அலைகளின் விளிம்பை மழுக்கிவிடும். அதைக் கழற்றிவிட்டுச் சோதிப்பதுதான் விரைவான வழி. தொடர் மின்தடைகளும் அப்படியே: சில சிப்களுக்கு 22 அல்லது 33 ஓம் கேட்பார்கள், அந்த இடத்தில் 33 கிலோஓம் அமர்ந்திருந்தால் உரையாடல் நடக்காது. சிப்புக்கு அருகில் 100 நானோஃபாரட் மின்தேக்கி இல்லாத பலகையும், அடியிலுள்ள கிரவுண்ட் தட்டு சாலிடர் ஆகாத கால்களற்ற சிப்பும், சில சமயம் வேலை செய்து சில சமயம் மறுக்கும் பலகைகளுக்குக் காரணமாகின்றன. சிப்பை விரலால் அழுத்தும்போது மட்டும் கணினி அடையாளம் கண்டால், ஃபிளக்ஸ் தடவி ஒவ்வொரு காலையும் மறுபடி சூடாக்குங்கள்.

மூன்றாம் நிலை: எண்கள் தெரிகின்றன, போர்ட் இல்லை

லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையிலும், விண்டோஸில் சாதனத்தின் ஹார்டுவேர் ஐடி பகுதியிலும் எண்களைப் பார்க்கலாம். 0403:6001 என்றால் எஃப்டி232ஆர், 1ஏ86:7523 என்றால் சிஎச்340, 10சி4:இஏ60 என்றால் சிபி2102. இந்த எண்கள் வந்துவிட்டாலே உங்கள் பலகை தன் வேலையைச் செய்துவிட்டது. சாலிடரிங் அயனை அணைத்துவிடலாம். இப்போதுதான் டிரைவரின் முறை.

விண்டோஸில் பிழை எண் 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து நிறுவுங்கள். பிஎல்2303எச்எக்ஸ்ஏ என்ற இன்னொரு பழைய யுஎஸ்பி–சீரியல் சிப்பைப் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்பதில்லை. 2012 முதல் அது கைவிடப்பட்டது என்ற அறிவிப்பைச் சாதனத்தின் பெயருக்குப் பதிலாகவே காட்டும். எண் 0403:0000 என்று தெரிந்தால், உங்களிடம் இருப்பது, எஃப்டி232ஆர் தயாரிப்பாளரான எஃப்டிடிஐ நிறுவனத்தின் பெயரில் வரும் போலிச் சிப்பாக இருக்கலாம். 2014இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர் ஒன்று போலிச் சிப்களின் பொருள் எண்ணைப் பூச்சியமாக மாற்றி எழுதிப் பெரும் சர்ச்சையை உண்டாக்கியது.

லினக்ஸில் இந்தச் சிப்களுக்கான டிரைவர்கள் கர்னலோடு வருகின்றன. போர்ட் தோன்றியும் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி நுழையுங்கள். சில லினக்ஸ் வகைகளில் அந்தக் குழுவின் பெயர் மாறும். உபுண்டு 22.04இல் சிஎச்340 போர்ட் தோன்றிய நொடியிலேயே மறைந்துவிடும் பிரச்சினை பலருக்கு வந்தது. பிரெயில் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், பிரெயில் திரை ஒன்றுக்கும் உள்ள அதே எண்ணைக் கண்டு இந்தச் சிப்பைத் தனக்கு உரியது என்று பிடித்துக்கொள்வதே காரணம். பிரெயில் திரை பயன்படுத்தாதவர்கள் அந்த மென்பொருளை நீக்கிவிடலாம்.

போர்ட் தோன்றிய பிறகு

மற்றக் கருவியை உடனே இணைத்துவிடாமல், பலகையின் டிஎக்ஸ்டி (தரவு அனுப்பும்) பின்னையும் ஆர்எக்ஸ்டி (தரவு பெறும்) பின்னையும் ஒரு கம்பியால் இணைத்து, புட்டி போன்ற டெர்மினல் மென்பொருளில் 9600 வேகத்தில், ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். அடிக்கும் எழுத்து திரையில் திரும்பி வந்தால், யுஎஸ்பி பக்கமும் சீரியல் பக்கமும் இரண்டுமே சரி. கம்பியை எடுத்தவுடன் எழுத்து வருவது நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் மென்பொருளின் லோக்கல் எக்கோ வசதிதான் எழுத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது, அதை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அதன்பின் கருவியின் கிரவுண்டை முதலில் இணைத்து, இரு பக்கமும் ஒரே வோல்டேஜில், அதாவது இரண்டும் 3.3 அல்லது இரண்டும் 5 வோல்ட்டில் பேசுகின்றன என்று பார்த்துக்கொண்டு, இதன் டிஎக்ஸ்டியை அதன் ஆர்எக்ஸ்டிக்கும், அதன் டிஎக்ஸ்டியை இதன் ஆர்எக்ஸ்டிக்குமாகக் குறுக்கே இணையுங்கள்.